பன்மையும் ஒற்றும்: அன்றாட எழுத்தில் நாம் இழப்பவை

அன்றாடத் தமிழெழுத்தில் பிழை மலிந்துவிட்டதே என்னும் மனக்குறை நம்மில் பலருக்கு நெடுநாளாக உண்டு. திருமண அழைப்பிதழில் ‘மணமக்கள்’ ‘மனமக்கள்’ ஆகிவிட்டால் அன்று முழுதும் நெஞ்சு உறுத்துகிறது. ஆயினும் எல்லாப் பிழைக்கும் ஒரே அளவில் வருந்துவதில் பயனில்லை. கண்ணை மட்டும் உறுத்தும் பிழை எது, பொருளையே கொண்டுபோய்விடும் பிழை எது என்று பிரித்தறிதல் வேண்டும்.

நம் பாசிர் கூடாங்கிலிருந்தே தொடங்குவோம். 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, நச்சுக்காற்றால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். இவ்வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. இத்தகைய நாளில் பெற்றோர் முதலில் நாடுவது கைப்பேசியையே. புலனத்தில் ‘பள்ளிகள் மூடப்பட்டது’ என்று ஒரு செய்தி வருவதாகக் கொள்வோம். அது வழுவே, ஆனால் ‘கள்’ விகுதி பன்மையைக் காட்டிவிடுவதால் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். அவ்விகுதியும் விடுபட்டு, ‘வட்டாரப் பள்ளி மூடப்பட்டது’ என்று வந்தால்? மூடப்பட்டது ஒரு பள்ளியா, பல பள்ளிகளா?

தமிழில் அஃறிணைப் பெயர் ‘கள்’ பெறாமலே ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாய் நிற்கும். அதனைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர். ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ என்னும் தொடர்களில் எண்ணை உரைப்பது வினைமுற்று ஒன்றே. பேச்சுத்தமிழோ இவ்வேறுபாட்டைக் கைவிட்டுவிட்டது; ஒன்றாயினும் பலவாயினும் ‘வந்துச்சு’ தான். பேச்சில் ஐயம் எழுந்தால் எதிரில் இருப்பவரைக் கேட்டுக்கொள்ளலாம். பலர் கைமாறி வந்த செய்தியை யாரிடம் கேட்பது?

ஒற்றின் நிலையும் இஃதே. ‘கீரைக் கடை’ என்பது கீரை விற்கும் கடை. இரண்டாம் வேற்றுமை உருபும், ‘விற்கும்’ என்னும் பயனும் அங்கே மறைந்துள்ளன. அவற்றுக்கு எஞ்சிய அடையாளம் அந்தக் ‘க்’ மட்டுமே. ‘கீரை கடை’ என்றாலோ கீரையைக் கடையச் சொல்லும் ஏவல். பெயர்ப்பலகையைப் பார்த்து எவரும் மத்தோடு வந்து நிற்கப்போவதில்லை என்பது உண்மைதான். கடைக்காரரை நாம் கடிந்துகொள்ள வேண்டா. நமக்குக் கூடுதல் வருத்தம் தருவது இதன் மறுபக்கம். மதிப்பெண் குறையுமோ என்னும் அச்சத்தால் மாணவர் கண்ட இடமெல்லாம் ஒற்றை இட்டு, ‘வேலைத் தேடினான்’ என்று எழுதுகின்றனர். ‘வேலையைத் தேடினான்’ என உருபு விரிந்தால் வல்லினம் மிகும்; ‘வேலை தேடினான்’ எனத் தொக்கால் மிகாது.

நன்னூல் எழுத்ததிகாரத்தின் ஐந்து இயல்களுள் மூன்றைப் பவணந்தியார் புணர்ச்சிக்கே ஒதுக்கினார். கைப்பேசி விசைப்பலகையோ சொற்களைத் தனித்தனியே எடுத்து நீட்டுகிறது. ஒற்று இரு சொற்களுக்கு இடையிலான உறவு. அடுத்த சொல் இன்னதென்று தெரியுமுன்பே முந்தைய சொல் முடிந்துபோகிறது. இளைஞரின் அக்கறையின்மையே காரணம் என்று சினந்துகொள்வது எளிது. கருவியின் இயல்புக்கும் இதில் பங்குண்டு.

வகுப்பறையில், இருபது ஒற்றுப்பிழைகளுக்குச் சிவப்பு மையால் வட்டமிட்ட தாளை மாணவர் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மடித்துவிடுவர். அதனினும் நன்று, ‘தயிர் கடை’, ‘தயிர்க் கடை’ என இரண்டையும் வெண்பலகையில் எழுதி, வாய்விட்டுப் படிக்கச் செய்து, எது கடைவாசலுக்கு, எது அடுக்களைக்கு என்று கேட்பது. விதியின் பெயரை அதற்குப் பின் சொன்னால் போதும்.