பாத எரிச்சலும் நரம்புச் சேதமும்: ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை கை கொடுக்குமா?

"கால் மரத்துப் போச்சு", "பாதத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு", "ராத்திரி ஆனா எரியுது" – சர்க்கரை வியாதி உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. வயசாச்சு என்று தள்ளிவிடுகிறோம். பல நேரங்களில் அது நரம்பு கெட ஆரம்பித்ததன் அறிகுறி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உள்ளது. ஆகவே இது எல்லோருக்குமான சங்கதி.

சர்க்கரை நரம்பை எப்படிக் கெடுக்கிறது? நரம்புச் செல்லுக்குள் குளுக்கோஸ் நுழைய இன்சுலின் பெரிதாகத் தேவையில்லை. இரத்தத்தில் ஏறினால் செல்லுக்குள்ளும் ஏறும். அங்கே மைட்டோகாண்ட்ரியா என்பதுதான் அடுப்பு. அளவுக்கு மீறி விறகு திணித்தால் புகை கிளம்புமல்லவா? அதுபோல 'சூப்பர் ஆக்சைடு' போன்ற தீவிர மூலக்கூறுகள் பெருகுகின்றன. இவற்றை அடக்கும் ஒரு நொதியை 1969-இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டறிந்தனர். அடக்கும் சக்தியை மிஞ்சிப் புகை பெருகும் நிலையே 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்'.

இன்னொரு அடியும் விழுகிறது. மிஞ்சிய குளுக்கோஸ் சார்பிட்டாலாக மாறும்போது என்ஏடிபிஎச் என்ற பொருள் செலவாகிறது. செல்லின் சொந்தக் காவலனான குளூட்டாதயோனைப் புதுப்பிக்கவும் அதுவேதான் வேண்டும். எதிரி பெருகும் நேரத்தில் காவலன் இளைத்துப்போகிறான். நரம்புக்கு இரத்தம் தரும் நுண்குழாய்களும் பழுதாகின்றன. முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் வரை சுமார் ஒரு மீட்டர் ஓடும் நீண்ட நரம்புகளே முதலில் தளர்வதால் தொல்லை பாதத்தில் தொடங்குகிறது.

அப்படியானால் ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை போதுமே என்று தோன்றும். ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் பற்றி 2006-இல் வெளிவந்த ஆய்வில், தினம் 600 மில்லிகிராம் ஐந்து வாரம் சாப்பிட்டவர்களுக்கு எரிச்சலும் வலியும் குறைந்தன. ஆனால் 2011-இல் வெளிவந்த நான்காண்டு ஆய்வில், முக்கிய அளவுகோலில் வெற்று மாத்திரைக்கும் இதற்கும் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. வைட்டமின் ஈ மாத்திரையை நாமாக விழுங்குவதும் நல்லதல்ல; 2011-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் அதை உட்கொண்ட ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது.

விறகைக் குறைக்காமல் புகையை மட்டும் விசிறினால் தீருமா? 1993-இல் வெளிவந்த ஆய்வில், முதல் வகை நீரிழிவுக்காரர்கள் சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியபோது நரம்புச் சேதம் சுமார் 60 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகையில் பலன் அவ்வளவு இல்லை; அங்கே இரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, புகைப்பழக்கம் ஆகியவற்றையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

நெல்லிக்காயும் கீரையும் தாராளமாகச் சாப்பிடலாம், மருந்துக்குப் பதிலாக அல்ல. நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறைந்தாலும் கால் மரக்கும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆண்டுக்கொரு முறை டாக்டரிடம் பாத உணர்வைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

வடக்கே குளிர்காலத்தில் மரத்த காலை ஹீட்டர் அருகே நீட்டுவதும், வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு தூங்குவதும் ஆபத்து. சுட்டாலும் தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். அப்பா, அம்மா பாதத்தைத் தினமும் ஒரு முறை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். அதற்குக் காசு செலவில்லை.