முசுறுகளின் வெட்சியும் நொச்சியும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்கிறது. அடிவாரத்து மாந்தோப்பும் இலவந்தோப்பும் முடிந்து, காப்பியும் மிளகும் தொடங்கி, மேலே மரநிழலில் ஏலத்தோட்டம் விரிவதற்குள் கடக்க நேரும் எல்லைகள் பலவற்றுக்குப் பட்டாவும் கிடையாது, எல்லைக்கல்லும் கிடையாது. அவை எறும்பும் தேனீயும் கறையானும் தமக்குள் வகுத்துக்கொண்டவை. அன்றாடம் உயிர்கொடுத்துக் காக்கப்படுபவை. இந்தச் சண்டைகளைப் போர் என்று அழைப்பது பொருந்துமா, பொருந்தினால் மனிதர் பாடிவைத்த எந்தப் போரோடு அவற்றை ஒப்பிடலாம் என்ற கேள்வி பூச்சியியலுக்கும் இலக்கியத்துக்கும் பொதுவானது.

மேலை இலக்கியம் இந்த ஒப்பீட்டை வெகுகாலமாகச் செய்துவருகிறது. இலியத்தில் அக்கிலிஸின் படைவீரருக்குரிய மிர்மிடோன்கள் என்ற பெயர், எறும்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு தொடர்புபடுத்தப்பட்டு, அவர்கள் எறும்புகளிலிருந்தே மனிதராக்கப்பட்டவர்கள் என்ற கதையாக வளர்ந்தது. வெர்ஜில் இரு தேனீ அரசர்களின் போரைப் பாடினார். அவர் அரசன் என்று எண்ணியது அரசியை. 1854-இல் வெளியான வால்டன் நூலில், விறகுக் குவியலில் கண்ட செவ்வெறும்பு, கருப்பெறும்புச் சண்டையை தோரோ ஹோமரின் நடையில் எழுதி, போரிட்டுக்கொண்டிருந்த மூன்று எறும்புகளை மரச்சிராயோடு எடுத்துச்சென்று கண்ணாடிக் குவளையால் மூடிவைத்துப் பார்த்ததையும் பதிவுசெய்தார். படிக்கச் சுவையான இந்த எழுத்துகளால் அறிவியலுக்குக் கிடைத்தது குறைவே. எறும்பை வீரனாக உயர்த்தவோ வீரனை எறும்பாகத் தாழ்த்தவோ இவை பயன்படுகின்றனவேயன்றி, சண்டை எதற்காக நடந்தது என்பதில் நிலைகொள்வதில்லை.

அந்தக் கேள்வியைத்தான் தமிழின் புறத்திணை இலக்கணம் முதலில் கேட்கிறது. ஆநிரை கவர்வது வெட்சி, மண்ணாசையால் பகைவர் நாட்டின்மேல் செல்வது வஞ்சி, அரணை வளைப்பது உழிஞை, வலிமையை நிலைநாட்டுவதற்காகவே களத்தில் பொருவது தும்பை என்று தொல்காப்பியம் போரை நோக்கத்தால் பகுக்கிறது. கவர்ந்த நிரையை மீட்கும் கரந்தையையும் அரண் காக்கும் நொச்சியையும் பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணைகளாக்கியது. வீரனின் பெயரும் புகழும் இல்லாமலேயே இயங்கக்கூடிய பாகுபாடு இது என்பதால், பெயரே இல்லாத படைகளுக்கு ஹோமரைவிட நன்றாகப் பொருந்துகிறது. சங்கப் புலவர்கள் இந்த ஒப்பீட்டைத் தேடிப் போகவில்லை என்பது வேறு செய்தி. சோழன் கிள்ளிவளவன் பாடிய புறநானூற்று 173-ஆம் பாட்டில், முட்டை சுமந்து மேட்டுநிலம் ஏறும் எறும்பு வரிசை, கொடையாளி பண்ணனின் வீட்டிலிருந்து கையில் சோற்றோடு திரும்பும் சிறுவர் வரிசைக்கு உவமையாகிறது. படை நடத்திப் பழகிய ஓர் அரசன் எறும்புச் சாரையில் படையைக் காணாமல் பசியாறிய பிள்ளைகளைக் கண்டிருக்கிறான்.

வெட்சியைக் குறிஞ்சியின் புறமாக வைக்கிறது தொல்காப்பியம். இம்மலைகளின் அடிவாரத்தில் அதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. 2006-இல் தேனி மாவட்டம் ஆண்டிபட்டிப் பக்கத்துப் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் கண்டெடுத்த தமிழ்ப் பிராமி நடுகற்களுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்தலில், இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்கு நட்டது. எறும்புக்கும் ஆநிரை உண்டு. தாவரச் சாற்றை உறிஞ்சி வாழும் மாவுப்பூச்சி, செதில்பூச்சி, அசுவினி ஆகியவை தம் தேவைக்கு மிஞ்சிய சர்க்கரையை இனிப்புக் கழிவாக வெளியேற்றுகின்றன. மாவிலையில் கரும்பூசணம் படரக் காரணமான அந்தக் கழிவுதான் மரங்களில் வாழும் எறும்புகளின் பால். மாமரத்தில் இலைகளை இழுத்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு, மலையாளத்தார் நீறு என்றும் புளியுறும்பு என்றும் சொல்லும் அதே செவ்வெறும்பு, இப்பூச்சிகளை மேய்ப்பதோடு நில்லாமல் சில இடங்களில் அவற்றின்மேல் தன் புழுக்களின் பட்டிழையால் தொழுவம்போல் ஒரு கூரையும் நெய்துவைக்கிறது. இந்த மந்தை இருக்கும் கிளையில் வேற்றுக் கூட்டத்து எறும்பு ஒன்று கால்வைத்தால் கரந்தை தொடங்கிவிடும்.

அது தொடங்கும் விதத்தை ஒரே கிளையில் அருகிருந்து காணலாம். எதிர்ப்பட்ட இரு முசுறுகள் உணர்கொம்புகளால் ஒன்றையொன்று தொட்ட நொடியிலேயே தாடைகள் விரிகின்றன, வயிறு மேல்நோக்கி மடிகிறது. அவற்றுள் ஒன்று திரும்பி ஓடினால் அது தோல்வி ஆகாது. வழியெல்லாம் மணத்தடம் இட்டுச் சென்று தன் கூட்டத்தாரை உடலைக் குலுக்கி அழைத்துவரும் தூது அது. சற்று நேரத்தில், எதிரி எறும்பு ஒன்றின் ஆறு கால்களையும் உணர்கொம்புகளையும் ஆளுக்கொன்றாகக் கவ்விய முசுறுகள் எல்லாத் திசையிலும் பின்னோக்கி இழுத்து, தறியில் கட்டிய துணிபோல் அதை விறைக்கப் பிடித்திருக்கும்; கடித்த புண்ணில் பார்மிக் அமிலம் பீய்ச்சப்படும். இலையைச் சேர்த்துப் பிடித்துக் கூடு தைக்க எந்த அசைவு பயன்படுகிறதோ, அதே அசைவே எதிரியைக் கிழிக்கவும் பயன்படுகிறது.

பெரிய முசுறுக் குடியில் ஏறத்தாழ ஐந்து லட்சம் எறும்புகள் வரை இருக்கக்கூடும். கூடுகள் பல மரங்களில் பரவியிருக்கும். எல்லைப்புற மரங்களில் உள்ள சில கூடுகள் பாசறைகள் என்பதை, ஆஸ்திரேலியாவில் இவ்வினத்தை ஆராய்ந்து 1983-இல் எழுதிய ஜெர்மானிய அறிஞர் பெர்ட் ஹோல்டோப்ளர் காட்டினார். அப்பாசறைகளில் இருப்பவை முதிர்ந்த பணியெறும்புகள். எறும்பில் பணி செய்பவை எல்லாம் பெண்களே என்பதால், முதிய பெண்கள். இளையவை குடியின் நடுவில் புழுக்களைப் பேணும். ஆயுள் முடியும் தறுவாயில் இருப்பவை எல்லைக்குப் போகும். ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்றுப் பாட்டில், யானையோடு பொருத தந்தையையும் ஆநிரைப் போரில் கணவனையும் இழந்த பெண், மீண்டும் பறை கேட்டதும் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். மூதில்முல்லை என்று துறை வகுத்துப் போற்றப்பட்ட அந்தச் செயலை எறும்பின் கணக்கில் எழுதினால் மகன் வீட்டில் இருப்பான், தாய் போவாள். இன்னும் பல ஆண்டு உழைக்க வேண்டியவனை முதலில் சாகக் கொடுக்கும் வழக்கம் மனிதப் படைகளுக்கே உரியது. குடியின் இழப்பு என்ற அளவுகோலால் அளந்தால் அது மோசமான கணக்கு.

போரில் நம்மவரைப் பகைவரிடமிருந்து பிரித்தறிவது எப்படி என்பது எந்தப் படைக்கும் உள்ள சிக்கல். பெரும்படை மோதும் களத்தில் சேரர் பனம்பூவையும் சோழர் ஆத்தியையும் பாண்டியர் வேம்பையும் சூடினர். எறும்பின் பூ அதன் தோல்மேல் உள்ள மெழுகுப் படலம். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த நீண்ட சேர்மங்கள் பல, குடிக்குக் குடி வேறுபட்ட விகிதத்தில் அப்படலத்தில் கலந்திருக்கின்றன. உணர்கொம்பு தொட்டவுடன் படிப்பது இந்த விகிதத்தைத்தான். ஒரே குடியினர் ஒன்றையொன்று நக்கியும் உணவூட்டியும் இம்மணத்தை ஓயாமல் பொதுவாக்கிக்கொள்கின்றன.

இரு தரப்பும் ஒரே பூவைச் சூடியிருந்தால் என்ன ஆகும்? சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றியிருக்க, மற்றொரு சோழன் நெடுங்கிள்ளி உள்ளே அடைபட்டிருந்தபோது புலவர் கோவூர்கிழார் எடுத்துவைத்த வாதம் இதுவே: இருவர் கண்ணியும் ஆத்தியாக இருக்கையில் யார் தோற்றாலும் தோற்பது ஒரே குடி. தென்னிந்தியக் காடுகளில் வாழும் குதிக்கும் எறும்பு ஒன்று இந்த அறிவுரையைக் கேட்டதுபோல் நடந்துகொள்கிறது. சென்னை மாகாணப் படையில் மருத்துவராக இருந்த டி.சி. ஜெர்டன் 1851-இல் விவரித்த இந்த எறும்பின் அறிவியல் பெயர் ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர். நீண்டு வளைந்த தாடையும் பெரிய கண்ணும் உடையது, இரையின்மேல் பாய்வது. அரசி இறந்ததும் பணியெறும்புகளிடையே வாரிசுரிமைச் சண்டை மூள்கிறது. ஒன்று உணர்கொம்பால் அடித்தபடி முன்னேற, மற்றது ஓர் உடல்நீளம் பின்வாங்கும். பிறகு பின்வாங்கியது அடிக்க, அடித்தது பின்வாங்கும். நாற்பது நாள்வரை நீளக்கூடிய இந்த ஆட்டத்தில் உயிர்ச்சேதம் இல்லை. வென்ற சில எறும்புகள் முட்டையிடத் தகுதி பெறுகின்றன. அவற்றின் கருவகம் பலமடங்கு பெருக்கிறது, மூளையோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. அரியணை ஏறியதும் மூளை சுருங்குவது வரலாற்றில் அறியாத செய்தி அல்லவெனினும், பதவியிலிருந்து பிரிக்கப்பட்டால் அது மீண்டும் வளர்ந்துவிடுகிறது என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது எறும்புக்கு மட்டுமே உள்ள நற்பேறு.

உழிஞையும் நொச்சியும் கறையான் புற்றைச் சுற்றி நடப்பவை. ஜெர்டன் அதே ஆண்டில் விவரித்த இன்னோர் எறும்புக்கு, ஊர்வலம் என்ற பொருளில் லெப்டோஜெனிஸ் புரொசெஷனாலிஸ் என்ற பெயர் நிலைத்தது. நெடுஞ்சாரையாகச் சென்று கறையானை வேட்டையாடும் இந்தக் கருப்பெறும்புகளுக்கு எதிராகக் கறையானிடம் மதில் இருக்கிறது, மதிலுக்குப் பின் தலை பெருத்த காவல் கறையான்கள் இருக்கின்றன. புற்றில் உடைப்பு விழுந்தால் பல இனங்களில் இக்காவலர்கள் வெளியே வந்து வாயிலை மறித்து நிற்க, பணிக்கறையான்கள் அவற்றின் முதுகுக்குப் பின்னால் மண் குழைத்துச் சுவரை அடைத்துவிடுகின்றன. காவலர் வெளியிலேயே விடப்படுகின்றனர். அகநானூற்றுக் குறிஞ்சிப் பாட்டில் புற்றைப் பிளக்கும் கரடிக்கு உணவாகும் குரும்பி, அதாவது புற்றாஞ்சோறு, கறையான் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டமாகும்.

ஏலத்தோட்டத்து நொச்சி தேனீயுடையது. ஏலப்பூவில் மகரந்தம் சேர்ப்பவை பெரும்பாலும் பெட்டிகளில் வளரும் இந்தியத் தேனீயும் உயர்ந்த மரக்கிளையிலும் பாறையிலும் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீயுமே. போடியின் மின்னணு ஏலத்தில் ஏறி இறங்கும் விலைக்குப் பின்னால் இவற்றின் அரண்காவலும் இருக்கிறது. குளவி நெருங்கினால் மலைத்தேனீக்கள் வரிசை வரிசையாக வயிற்றை உயர்த்தித் தாழ்த்த, அடையின்மேல் அலை ஒன்று ஓடி எதிரியை மிரட்டுகிறது. இந்தியத் தேனீயின் ஜப்பானியக் கிளையினத்தில் 1995-இல் மசாட்டோ ஓனோவும் உடனாய்வாளரும் அளந்தது இதனினும் வியப்பானது. கூட்டுக்குள் நுழைந்த பெருங்குளவியை ஐந்நூறுக்கு மேற்பட்ட தேனீக்கள் பந்தாகச் சூழ்ந்து, பறப்புத் தசைகளை அதிரச்செய்து, பந்தின் நடுவில் வெப்பத்தை 47 பாகை செல்சியஸ்வரை உயர்த்தின. அது குளவிக்குக் கொல்லும் சூடு, தேனீக்கோ தாங்கும் எல்லைக்குச் சற்றே கீழ்.

பாலூட்டியைக் கொட்டும் தேனீ கொடுக்கோடு குடலும் அறுந்து சாகிறது. இந்தத் தியாகத்துக்குத் தமிழ் மரபில் செஞ்சோற்றுக்கடன் என்ற சொல் எளிதில் வாய்க்கும். ஆயினும் கடன் வேறு. படைவீரன் உண்ட சோற்றுக்காக, தனக்கு உறவில்லாத அரசனுக்காகச் சாகிறான். தேனீ தனக்கென இனப்பெருக்கம் இல்லாதது; தாயும் உடன்பிறந்தாரும் பிழைத்தால் அதனுள் உள்ள மரபணுக்களின் படிகள் அவர்கள் வழியே தொடரும். 1964-இல் டபிள்யூ.டி. ஹாமில்டன் கணித வடிவில் விளக்கிய உறவினத் தெரிவு என்ற இக்கருத்தின்படி, பூச்சியின் போர் குருதியுறவின் போர். சோறு, மொழி, பூ, கொடி ஆகியவற்றால் உறவற்றோரைக் குடியாக்கிப் போருக்கு அனுப்பும் கலை அதற்குத் தெரியாது.

இருபுறமும் திரண்டு மோதும் தும்பைக்களத்தில் எண்ணிக்கை வெல்லுமா, ஆற்றல் வெல்லுமா? திறந்தவெளியில் பலர் ஒருவனைத் தாக்க முடியும் என்பதால் எண்ணிக்கையின் பலன் அதன் இருமடியாகப் பெருகும், இடுக்கில் ஒருவனுக்கு ஒருவன் என்றாகிவிடுவதால் தனிவீரனின் வலிமையே கணக்கில் வரும் என்று ஆங்கிலப் பொறியாளர் லான்செஸ்டர் முதல் உலகப்போர்க் காலத்தில் கணக்கிட்டார். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், கணினிப் போர் விளையாட்டு ஒன்றிலும், பின்னர் உடல்பெருத்த உள்நாட்டு எறும்பையும் சிறுத்த அர்ஜென்டினா எறும்பையும் மோதவிட்டும் இதைச் சோதித்தனர். மரச்சட்டங்களால் இடுக்காக்கப்பட்ட களத்தில் பெரிய எறும்புகள் குறைவாகவே மடிந்தன. கணவாய்களில் சிறுபடைகள் பெரும்படையை மறித்த கதைகள் உள்ள மலைநாட்டுக்கு இம்முடிவு புதிதன்று. ஆனால் தொல்காப்பியர் தும்பைக்குச் சொன்ன நோக்கம், வலிமைக்காகவே பொருதல் என்பது, பூச்சிகளிடம் அகப்படவில்லை. எறும்புப் படை எவ்வளவு பெரிதாயினும் அதன் பின்னால் ஒரு மந்தையோ மரமோ புற்றோ இருக்கிறது.

களத்தில் மிஞ்சியவற்றிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி முடிவில் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்து உண்கின்றன. முசுறுகளின் களத்தில் அந்தப் பேய்களும் முசுறுகளே, மடிந்த எதிரியைத் தாமே கூட்டுக்கு இழுத்துச் சென்று இரையாக்கிக்கொள்கின்றன. தம் இனத்துப் பிணத்தை எறும்புகள் அறிவது எப்படி என்பதை அமெரிக்க விதைசேகரிப்பு எறும்புகளில் எட்வர்ட் வில்சனும் உடனாய்வாளரும் 1958-இல் ஆராய்ந்தனர். இறந்த உடலில் சில நாளில் ஊறும் ஒலியிக் அமிலமே அடையாளம் என்று தெரிந்ததும், அதில் சிறிதளவை உயிருள்ள எறும்பின்மேல் தடவிவிட்டனர். கூட்டத்தார் அதைத் தூக்கிச்சென்று குப்பைமேட்டில் போட்டனர். கால்களை உதறிக்கொண்டு அது நடந்து திரும்பியது; மீண்டும் தூக்கிச்சென்று போட்டனர். அமிலம் போகுமட்டும் தன்னை நக்கித் துடைத்துக்கொண்ட பிறகே அது கூட்டுக்குள் அனுமதிக்கப்பட்டது.