கண்டியில் பவளம் என்ன சாப்பிடும்?

வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டியைக் கண்டதும் கேட்பது ஒரே கேள்விதான்: “இது என்ன சாப்பிடும் ரீச்சர்?” கல்லா, செடியா என்ற சந்தேகம் அதற்குப் பிறகுதான் வரும். அதைத் தீர்ப்பது சுலபம். பவளம் ஒரு பிராணி. அதற்கு வாயும் வயிறும் உண்டு. சாப்பாட்டு விஷயம் அப்படியல்ல, ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கிற வரைக்கும் பேச வேண்டிய சங்கதி. ஆயுசு முழுக்க இரசாயனவியல் படிப்பித்த ஒருத்தியிடம் கேட்டால் இரண்டு பிளேன்ரீ ஆகலாம்.

என்னுடையது 60 லீற்றர் தொட்டி. கண்டி அம்பிட்டியப் பக்கத்து வீட்டில், வெயில் நேரே விழாத சுவரோரமாக இருக்கிறது. உள்ளே இருப்பவை கடைக்காரர் வாயில் மஷ்ரூம், லெதர், ஸோவா என்று புழங்குகிற மூன்று வகைகள். மூன்றும் கல்லாக இறுகாத மெல்லுடல் இனங்கள். மஷ்ரூமும் ஸோவாவும் பவளத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரங்கள்தானே தவிர அசல் பவளமல்ல என்று நுணுக்கம் பார்ப்பவர்கள் சொல்வார்கள். வளர்க்கிற முறை ஒன்றுதான், ஆகவே நான் சண்டைக்குப் போவதில்லை.

இவற்றின் முதற் சாப்பாடு வெளிச்சம். பவளத்தின் கலங்களுக்கு உள்ளேயே கண்ணுக்குத் தெரியாத ஒற்றைக்கலப் பாசி குடியிருக்கிறது. ஒரு சதுர சென்ரிமீற்றருக்குப் பத்து இலட்சம் என்பது சாதாரணம். அது ஒளித்தொகுப்பில் ஆக்குகிற உணவின் பெரும் பங்கைப் பவளத்துக்கே விட்டுக்கொடுத்துவிடும். நல்ல வெளிச்சத்தில் பவளத்துக்கு வேண்டிய சக்தியில் பத்தில் ஒன்பது பங்கு வரை இந்த வழியில் கிடைக்கிறது. பதிலுக்குப் பாசிக்குக் கிடைப்பது பவளத்தின் கழிவு: காபனீரொட்சைட்டும் அமோனியாவும். தான் வேண்டாமென்று கழிப்பதையே வாடகையாகக் கொடுத்துச் சோறு வாங்கிக்கொள்கிற பிராணி உலகத்தில் வேறு எத்தனை இருக்கிறதோ!

இந்தப் பாசிக்குச் சூசாந்தெல்லா என்று 1881இல் பெயரிட்டவர் கார்ல் பிராண்ட் என்ற ஜெர்மானியர். அதே ஆண்டு கடைசியில் இன்னொரு ஜெர்மானிய விலங்கியலாளர், எர்ன்ஸ்ட் ஹெக்கல், இலங்கையில் வந்து இறங்கினார். பேராதனைப் பூங்காவுக்குப் போனார். பிறகு தெற்கே வெலிகமவுக்குப் போய் வாடிவீட்டிலேயே ஆய்வுகூடம் அமைத்துக்கொண்டார். கடலில் பிடித்துக் கண்ணாடிச் சாடிகளில் இட்ட மென்மையான உயிர்கள் அந்த வெக்கையில் நின்றுபிடிக்காமல் சீக்கிரமே செத்துப்போவதைப் பார்த்துச் சலித்துப் போனார். பேராதனையிலேயே தங்கியிருந்தால் ஒருவேளை கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்திருப்பார்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பவளத்துக்கு உகந்தது 25, 26 பாகை செல்சியஸ். கொழும்பில் வளர்ப்பவர்கள் சில்லர் என்கிற குளிரூட்டிக்குக் காசைக் கொட்ட வேண்டியிருக்கிறது. இங்கே மார்ச், ஏப்ரில் பகல்களில் மட்டும் மூடியைத் திறந்து நீருக்கு மேலாக ஒரு சின்ன விசிறியை ஓட விட்டால் போதும். ஆவியாகிற நீரே இரண்டு மூன்று பாகையை இறக்கிவிடும். மார்கழி, தை இரவுகளில் எதிர்மாறு. 20 பாகைக்குக் கீழே போகிற குளிருக்கு ஹீட்டர் வேண்டும்.

ஒரு பாகை, இரண்டு பாகைக்கு ஏன் இவ்வளவு கவலை? வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு பாகை கூடிச் சில வாரம் அப்படியே நின்றால் பவளம் தன் பாசியை வெளியே தள்ளிவிடும். நிறம் போய் வெள்ளையாகும். அந்தக் கணமே செத்துவிட்டது என்று அர்த்தமல்ல, பட்டினி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பவும் குடியேறும். 1998இல் தணியவில்லை. ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃப்பிலும் ஆழங்குறைந்த இடத்துப் பவளங்களில் பெரும்பாலானவை அந்த ஆண்டு செத்தன. கடலுக்கு விசிறி வைக்க முடியாது.

விளக்கு, நீலம் தூக்கலான எல்இடி. நாளுக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலம். கடல்நீர் சிவப்பொளியை முதல் சில மீற்றருக்குள்ளேயே உறிஞ்சிவிடுவதால் கீழே போய்ச் சேர்வது நீலம்தான், சூசாந்தெல்லாவும் அதற்கே பழகியது. யன்னல் வெயில் இலவசம்தானே என்று தொட்டியை அங்கே நகர்த்தினால் சூடும் ஏறும், கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசியும் படரும்.

சூட்டில் கண்டிக்காரருக்குக் கிடைத்த இலாபம் தண்ணீரில் போய்விடுகிறது. கொழும்புக்கு 115 கிலோமீற்றர் இறங்கினால்தான் கடல். கான்களில் கடல்நீர் அள்ளி வருகிறவர்களும் உண்டு. கரையோர எண்ணெயும் ஆற்றுமுகச் சேறும் கூடவே வரும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை. எங்கள் குழாயில் வருவது மகாவலி. அதில் கலந்துள்ள குளோரீன் நமக்குப் பாதுகாப்பு, பவளத்துக்கு விஷம். மழைநீரைப் பிடிக்கலாமே என்பார்கள். கூரையிலிருந்து கழுவிக்கொண்டு வருகிற உலோகங்கள், முக்கியமாகச் செப்பு, மிகச் சிறிய அளவிலேயே இந்த உயிர்களைக் கொன்றுவிடும். மிஞ்சுவது ஆர்ஓ நீர், அதாவது நுண்சவ்வு வழியே அழுத்தி வடித்த நீர். அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கங்களில் சிறுநீரக நோய்ப் பயத்தால் கடற்படை ஊரூராகப் பூட்டிக்கொடுத்த அதே நுட்பம்தான், அளவில் சிறியது.

அந்த நீரில் கடலுப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். சமையலுப்பு ஆகாது, கல்சியம், மக்னீசியம், பொற்றாசியம் எல்லாம் கடலில் உள்ள விகிதத்தில் இருக்க வேண்டும். லீற்றருக்கு 35 கிராம் உப்பு என்பது கணக்கு. ஆக 60 லீற்றரில் 2100 கிராம். இங்கேதான் என் பழைய மாணவர்களே தடுமாறுவார்கள். மூன்று லீற்றர் ஆவியாகிப் போனால் உப்பு போவதில்லை, அப்படியே இருக்கும். 2100ஐ 57ஆல் பிரித்துப் பாருங்கள்: 36.8. ஐந்து லீற்றர் போனால் 38ஐத் தாண்டிவிடும். ஆகவே குறைந்த இடத்தை உப்புநீரால் நிரப்பக்கூடாது, ஆர்ஓ நீரால்தான் நிரப்ப வேண்டும். கண்ணாடியின் பின்பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறேன். காலையில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஊற்றுவேன், அவ்வளவுதான். பெரிய தொட்டியில் இரண்டு நாள் மறந்தாலும் ஒன்றும் ஆகாது. சின்னத் தொட்டி மன்னிக்காது.

உபகரணப் பட்டியலைக் கண்டு மிரளத் தேவையில்லை. 1960களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் உயிருள்ள கடற்பாறைத் துண்டுகளையும் காற்றுக் குமிழியையும் நம்பியே பவளத்தை வீட்டில் வளர்த்துக் காட்டினார். பாறையின் நுண்துளைகளில் குடியிருக்கும் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாகவும் அதை நைத்திரேற்றாகவும் மாற்றும். அந்தக் குடியிருப்பு நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை தொட்டியில் கல்லும் தண்ணீரும் மட்டும்தான். பொறுமையில்லாதவர்கள் இந்த இடத்திலேயே தோற்றுப்போகிறார்கள்.

இனிக் கையால் ஊட்டுகிற சாப்பாடு.

வெளிச்சம் சக்தியைத் தரும், உடம்பு வைக்க நைதரசனும் பொசுபரசும் வேண்டும். கடலில் இருட்டியதும் ஆழத்திலிருந்து சிறு மிதவையுயிர்கள் மேலே வரும். பல பவளங்கள் பரிசக்கொம்புகளை விரிப்பது அந்நேரத்தில்தான். கொம்பெங்கும் கொட்டுகிற கலங்கள். தொட்ட இரை அசையாது. வீட்டில் அதற்குப் பதில் ஆட்டீமியா, அதாவது உப்பளங்களில் வாழும் சிறு இறாலினத்தின் குஞ்சு. முட்டை தூளாக டின்னில் கிடைக்கிறது. ஒரு சோடாப் போத்தலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, உப்புநீர் விட்டு, கால் தேக்கரண்டி முட்டை போட்டு, காற்றுக்குழாயை இறக்கி, பக்கத்தில் ஒரு மின்குமிழை எரியவிட வேண்டும். 28 பாகையில் ஒரு நாளில் பொரிக்கும். எங்கள் மார்கழிக் குளிரில் ஒன்றரை நாளுக்கு மேலாகும். காற்றை நிறுத்தி அடியில் டோர்ச் அடித்தால் செம்மஞ்சள் குஞ்சுகள் வெளிச்சத்தை நாடி இறங்கும், வெற்றுக் கோதுகள் மேலே மிதக்கும். குஞ்சு ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றர்கூட இராது. பொரித்த சில மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் வயிற்றிலுள்ள மஞ்சட்கருவைத் தானே தின்று தீர்த்துவிடும், பவளத்துக்கு வெறும் கோதுதான் மிஞ்சும்.

இரவு விளக்கு அணைந்த பிறகு பம்பை நிறுத்துவேன். சிரிஞ்சின் முனையில் ஒரு மெல்லிய குழாய். மஷ்ரூமின் தட்டையான முகத்தின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு விளிம்பு ஒரு பக்கம் எழும், மற்றப் பக்கமும் எழும், சில நிமிஷத்தில் முழுத் தட்டும் சுருக்குப்பையின் வாய் போல இழுபட்டு மூடிக்கொள்ளும். மறுநாள் காலையில் பழுப்பு நிற நூலொன்றைத் துப்பியிருக்கும். பவளத்துக்கு உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே வாசல்தான்.

ஆட்டீமியா இல்லாத வாரம் இறால். கறிக்கு வாங்கியதில் மஞ்சள், உப்புப் படாமல் ஒரு வாலை எடுத்துக் குருணை அளவுக்கு நறுக்கி உறைய வைத்திருப்பேன். மஷ்ரூம் ஒரு குருணை வாங்கும். ஸோவாவுக்கு அதிலும் பாதி. லெதருக்குக் கொடுத்துப் பயனில்லை. நீரில் கரைந்திருப்பதும் மிக நுண்ணியதும்தான் அதற்குச் சரி. அது சில நாள் சுருங்கி, மேலெல்லாம் மினுங்கும் சவ்வு படர்ந்து, செத்துவிட்டதோ என்று பயமுறுத்தும். சவ்வை உரித்துத் தள்ளிவிட்டுத் திரும்ப விரியும். பசி என்று நினைத்து அந்த நேரத்தில் ஊட்டப் போகாதீர்கள்.

எத்தனை தரம்? வாரத்தில் ஒன்று, கூடினால் இரண்டு. தின்னாமல் விட்ட ஒவ்வொரு குருணையும் அமோனியாவாகி நைத்திரேற்றாகிறது. நைத்திரேற்று லீற்றருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்கட்டும். பூச்சியமாக்குகிறேன் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. பூச்சியத்தில் பவளத்துக்குள் இருக்கும் பாசி பட்டினி கிடக்கும், நிறம் வெளிறும். வாரம் ஆறு லீற்றர் மாற்றினால் என் தொட்டிக்குப் போதும். செம்மஞ்சள் நிறத்தில் டியூபாஸ்ட்ரியா என்றொரு பவளம் இருக்கிறது, பார்த்தால் ஆசை வரும். அதற்குள் பாசியே கிடையாது. ஒவ்வொரு வாயாகத் தேடி அடிக்கடி ஊட்ட வேண்டும். 60 லீற்றர் தண்ணீர் அவ்வளவு இறைச்சியைத் தாங்காது. விட்டுவிடுங்கள்.

கல்லாக வளர்கிற கடினப் பவளம் ஏன் இல்லை என்றும் கேட்பார்கள். இலங்கையில் அவை தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. நாட்டுக்கு நாடு கொண்டுபோவதற்கும் சைட்டிஸ் உடன்படிக்கையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். புறாத்தீவுக்குச் சுற்றுலா போய் ஒரு துண்டைப் பையில் போட்டு வருவது குற்றம். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தெற்குக் கரையில் முருகைக்கல்லைத் தோண்டிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கியது பல காலத்துத் தொழில். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது, முருகைக்கற்பாறை மிஞ்சியிருந்த ஹிக்கடுவையில் இரண்டு மூன்று மீற்றர் அலை 50 மீற்றர் அளவே உள்ளே வந்தது. சில கிலோமீற்றர் வடக்கே, பாறையைத் தோண்டித் தீர்த்திருந்த பெரலியவில் ஏறத்தாழ 10 மீற்றர் அலை ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே போனது என்று பின்னர் ஆய்வாளர்கள் பதிந்தார்கள். பயணிகள் ரயிலொன்றை அலை புரட்டிப் போட்டதும் அந்த இடத்தில்தான். நான் இன்னொருவர் தொட்டியில் வளர்ந்ததை வெட்டித்தான் வாங்குகிறேன். நீங்கள் எதை வாங்குவதானாலும் முதலில் வனசீவராசிகள் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். விளக்கில்லாமல் பவளம் சில நாள் தாங்கும். நீர் அசையாமல் ஒட்சிசன் குறைந்தால் தாங்காது. பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் பிறகு பவளத்தை வாங்குங்கள்.

வளர்ந்தால் வெட்ட வேண்டும். லெதரைக் கூரான பிளேட்டால் அறுத்துத் துண்டைக் கல்லில் கட்டிவிட்டால் சில வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஸோவாவிடம் இந்தத் துணிச்சல் கூடாது. அந்தக் குடும்பத்துச் சிலவற்றில் பாலிடொக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொட வேண்டாம். ஸோவா ஒட்டிய கல்லைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று கொதிநீரில் போட்டு, எழும் ஆவியை மூச்சில் இழுத்து, வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். வெட்டிய லெதர் துண்டுக்கு நான் காசு வாங்குவதில்லை. கேட்டு வருகிறவர் தன் தொட்டியின் உப்பு, அமோனியா, நைத்திரேற்று அளவுகளை இரண்டு மாதத்துக்கு எழுதிய தாளைக் கொண்டுவர வேண்டும். தாள் இல்லாதவருக்குத் துண்டு கிடையாது, சொந்தக்காரராக இருந்தாலும்.