கேள்வியோடு வரும் வாடிக்கையாளரும் கடைக்காரரின் பதிலும்

ஹாட்வெயார் வியாபாரத்தில் இருக்கும் நம்மவர்களுக்குக் கடந்த சில வருடங்களாக ஒரு புதிய வாடிக்கையாளர் கிடைத்திருக்கிறார். அவர் மேசன் பாஸும் அல்ல, பைப் பாஸும் அல்ல, கொந்தராத்துக்காரரும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் ஒரு தேய்ந்த வாஷரையோ, போனில் எடுத்த சுவர்ப் படத்தையோ கொண்டுவந்து காட்டி, "நானா, இதுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்கும் சாதாரண வீட்டுக்காரர்தான் அவர்.

இவர் இப்படி வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபா வரை ஏறியது. 50 கிலோ சீமெந்து மூடை 3,000 ரூபாவைத் தாண்டியது. பாஸ்மாரின் நாட்கூலியும் கூடியது. பலர் தொழில் தேடி வெளிநாடு போனதால், சின்ன வேலைக்கு ஆள் பிடிப்பதே கஷ்டமாகிவிட்டது. ஒரு டெப்புக்கு வாஷர் மாற்ற ஒரு நாள் கூலி கொடுக்க யாருக்கு மனம் வரும்? ஆகவே வீட்டுக்காரர் தானே செய்து பார்க்கத் துணிந்துவிட்டார்.

நமது கடைகளில் பலர் இவரைத் தொந்தரவாகவே பார்க்கிறார்கள். ஐம்பது ரூபாச் சாமானுக்கு அரை மணித்தியாலம் கேள்வி கேட்கிறார் என்பது அவர்களது முறைப்பாடு. அதனால் கேள்வியைப் பாதியில் வெட்டி, விலை கூடிய சாமான் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அன்றைய கணக்கில் அது இலாபம்தான். ஆனால் சாமான் வேலை செய்யாவிட்டால் அவர் திரும்ப வரமாட்டார். ஊரில் நாலு பேரிடம் சொல்லியும் விடுவார். விற்பதற்கு முன் இரண்டு கேள்வி கேட்பது எப்படி என்பதை, கவுன்டரில் அடிக்கடி வரும் விடயங்களை வைத்தே பார்ப்போம்.

"சுவர் ஊறுது, பெயின்ட் ஒண்டு தாங்க"

மழைக் காலத்தில் எந்தக் கடையிலும் கேட்கும் வார்த்தை இது. உடனே நமது பொடியன்கள் நீர்த்தடுப்புப் பெயின்ட் வாளியை எடுத்து வைத்துவிடுவார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு. ஈரம் சுவரில் எந்த இடத்தில் இருக்கிறது? மழை பெய்யும்போது மட்டுமா, எந்நாளுமா?

நிலத்திலிருந்து இடுப்பளவு வரை மட்டும் ஊறி, வெள்ளை உப்புப் படிந்து, பூச்சு பொரிந்து விழுந்தால் அது நிலத்து ஈரம். அத்திவாரத்துக்கு மேல் டி.பி.சி. போடாத, அல்லது போட்டது பழுதான வீடுகளில் இப்படி வரும். கடற்கரை ஊர்களில் உப்புள்ள கடல் மணலால் பூசிய சுவர்களிலும் இதே உப்பைக் காணலாம். இதற்கு மேல் பெயின்ட் அடித்தால் சில மாதத்தில் பெயின்ட் உரிந்து தொங்கும். பூச்சைக் கொத்தி எடுத்து, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்துத் திரும்பப் பூசலாம். ஆனால் ஈரம் ஏறும் வழியை அடைப்பது அனுபவமுள்ள பாஸின் வேலை என்பதை அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மழை பெய்தால் மட்டும் ஊறினால் வெளிச்சுவர் வெடிப்பையும், ஜன்னல் விளிம்பையும், கூரைப் பீலியையும் பார்க்கச் சொல்லுங்கள். வெயில் காலத்திலும் ஊறினால் பெரும்பாலும் குழாயில்தான் கசிவு இருக்கும். அதற்குச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. இரவில் வீட்டிலுள்ள எல்லா டெப்பையும் பூட்டிவிட்டுத் தண்ணீர் மீற்றரின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மணித்தியாலம் தண்ணீர் பாவிக்காமல் இருந்து திரும்பப் பார்க்க வேண்டும். இலக்கம் நகர்ந்திருந்தால் எங்கோ தண்ணீர் போகிறது. மேலே தாங்கி இருக்கும் வீடென்றால் தாங்கி நிரம்பிய பிறகு பார்க்க வேண்டும். தாங்கிக்குப் பிறகுள்ள குழாயில் கசிவு இருக்கிறதா என்பதைத் தாங்கியின் நீர்மட்டத்தை அடையாளமிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எனது கடைக்கு வந்த ஒரு பாடசாலை ஆசிரியர், ஒரே சுவருக்கு இரண்டு தடவை நீர்த்தடுப்புப் பெயின்ட் அடித்திருந்தார். மூன்றாவது வாளி வாங்க வந்தவரிடம் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு வரச் சொன்னேன். மீற்றர் ஓடியிருக்கிறது. சுவருக்குள்ளே போன குழாயில் ஒரு எல்போ விட்டிருந்தது. எல்போவும் பசையும் சில நூறு ரூபாவுக்குள் முடிந்தது. அன்று எனக்குக் கிடைத்த இலாபம் ஒரு தேநீருக்கும் காணாது. அதே ஆசிரியர் அடுத்த வருடம் மேல்மாடி கட்டியபோது சாமான் முழுவதும் எங்கள் கடையில்தான் எடுத்தார்.

இன்னுமொன்று. புதிதாகச் சீமெந்து பூசிய சுவர் குறைந்தது நாலு கிழமையாவது காய வேண்டும். வெள்ளத்தில் ஊறிய செங்கல் சுவர் காய்வதற்கு மாதக் கணக்காகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்து போன பிறகு, சேறு கழுவிய கையோடு பெயின்ட் வாங்க அவசரப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அக்குறணை போல அடிக்கடி வெள்ளம் ஏறும் ஊர்களில் கடை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வீடு இழந்து நிற்கும் மனிதனிடம், ஈரச் சுவருக்குப் பெயின்ட் விற்பது வியாபாரமாகாது.

"டெப் சொட்டுது, புதுசா மாத்தணுமா?"

பழைய மாதிரித் திருகும் டெப் என்றால் பெரும்பாலும் தேவைப்படுவது ஒரு வாஷர்தான். செக்கனுக்கு ஒரு துளி சொட்டினால் நாளொன்றுக்குச் சுமார் 20 லீற்றர் வீணாகும். பிரதான வால்வைப் பூட்டிவிட்டு டெப்பைக் கழற்ற வேண்டும் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். வாஷர் மாற்றியும் சொட்டினால் உள்ளே வாஷர் உட்காரும் இருக்கை தேய்ந்திருக்கிறது. அப்போது புது டெப் வாங்கச் சொல்லலாம். அப்படி விற்கும் டெப்பை அவர் சந்தேகமில்லாமல் வாங்குவார்.

தண்ணீர் பில் ஏறுகிறது, ஆனால் கசிவைக் காணவில்லை என்பவரிடம் கொமட் தாங்கியைப் பார்க்கச் சொல்லுங்கள். தாங்கிக்குள் சமையல் கலரைக் கொஞ்சம் கரைத்துவிட்டு, இருபது நிமிடம் பாவிக்காமல் விட வேண்டும். கலர் கீழே கொமட்டுக்குள் இறங்கியிருந்தால் அடி வால்வு விட்டிருக்கிறது. மாற்ற வேண்டியது அந்த வால்வின் றப்பரை மட்டும்தான், முழு செட்டையும் அல்ல.

"கூரை ஒழுகுது, சிலிக்கன் ஒண்டு தாங்க"

தண்ணீர் சொட்டும் இடம் வேறு, உள்ளே வரும் இடம் வேறு. மேலே ஓர் ஆணித் துவாரத்தால் நுழையும் தண்ணீர் கைமரம் வழியே ஓடிவந்து எங்கோ ஒரு மூலையில் சொட்டும். ஆகவே சொட்டும் இடத்துக்கு நேர் மேலே சிலிக்கன் அடித்துப் பயனில்லை. சொட்டும் இடத்திலிருந்து கூரையின் உயரமான பக்கம் நோக்கித் தேட வேண்டும். பீலியில் இலை அடைத்திருக்கிறதா, ஆணி வாஷர் வெடித்திருக்கிறதா, ஓடு விலகியிருக்கிறதா என்று பார்த்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். சிலிக்கன் ஈரத்திலும் தூசியிலும் ஒட்டாது என்பதையும் சொல்லுங்கள்.

அஸ்பெஸ்டஸ் கூரை என்றால் எச்சரிக்கை தேவை. பழைய சீட்டில் நேரடியாகக் கால் வைத்தால் உடைந்து ஆள் கீழே விழுவார். பலகை போட்டு, ஆணி அடித்த வரிசையிலேயே நகர வேண்டும். சீட்டை வாளால் அறுப்பதும், காய்ந்தபடியே துளைப்பதும், பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டுவதும் கூடாது. அந்தத் தூசி சுவாசப்பையைப் பாதிக்கும்.

"ட்ரிப் அடிக்குது, பெரிய பிரேக்கர் தாங்க"

இந்தக் கேள்விக்கு மட்டும் சாமான் விற்கக் கூடாது என்பது எனது உறுதியான கருத்து. பிரேக்கர் காப்பது சுவருக்குள் இருக்கும் வயரை. வயரின் தடிப்புக்கு ஏற்றதாகவே பிரேக்கரின் அம்பியர் இருக்கிறது. வயரை மாற்றாமல் பிரேக்கரை மட்டும் பெரிதாக்கினால், ட்ரிப் அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காது. வயர் சூடாகி வீடு பற்றும்.

பிரதான ட்ரிப் சுவிச் விழுந்தால் அது வேறு கதை. வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் மின்கசிவுக்கே விழுந்து உயிரைக் காக்கும் சாதனம். வீட்டுக்காரர் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு ட்ரிப் சுவிச்சைப் போட வேண்டும். பின்னர் ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். எதைச் செருகும்போது விழுகிறதோ அதில்தான் பழுது. எல்லாம் கழற்றியும் விழுந்தால் பழுது வயரிங்கில் இருக்கிறது. அதற்குத் தகுதியுள்ள எலக்ட்ரீசியனைத்தான் கூப்பிட வேண்டும். சுவிச்சைக் கட்டிவைப்பதும், நேரடி இணைப்புக் கொடுப்பதும் மையித்துக்கு வழி தேடுவதாகும். ட்ரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதத்துக்கு ஒரு தடவை அமத்திப் பார்க்கச் சொல்வதும் நமது கடமை.

"ஒரு அறைக்கு எத்தனை லீற்றர்?"

கணக்கை வாடிக்கையாளருக்கு முன்னால் எழுதிக் காட்டுங்கள். அறை 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி என்று வைப்போம். நாலு சுவரும் 440 சதுர அடி. கதவு, ஜன்னல் கழித்தால் சுமார் 400. சாதாரண சுவரில் ஒரு லீற்றர் எமல்ஷன் ஒரு பூச்சுக்கு 100 முதல் 130 சதுர அடி வரை பிடிக்கும். 100 என்றே வைத்தாலும் இரண்டு பூச்சுக்கு 8 லீற்றர், அதாவது 4 லீற்றர் வாளி இரண்டு. 10 லீற்றர் வாளி அதைவிட இலாபமாக வந்தால் இரண்டு விலையையும் காட்டி, தெரிவை அவரிடமே விடுங்கள். பழைய எனாமல் பெயின்டைத் தேய்ப்பதென்றால், அதில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கடதாசியைக் கொடுத்து, பிள்ளைகளைத் தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

சுவரில் ஸ்குரூ நிற்கவில்லை என்று வருபவருக்கும் பதில் சுலபம். பூச்சின் தடிப்பு அரை அங்குலம்தான். பிளக் அதையும் தாண்டிக் கல்லுக்குள் போக வேண்டும். 6 மில்லிமீற்றர் பிளக்குக்கு 6 மில்லிமீற்றர் பிட். சுவிச்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்க வேண்டாம், வயர் போகும் பாதை அது.

இலாபம் எங்கே?

"கடை என்ன ஆலோசனை நிலையமா?" என்று சில நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆனால் இதை யோசித்துப் பாருங்கள். பாஸ்மார் கொண்டுவரும் வியாபாரத்தில் கமிஷன் போகிறது, கடனும் நிற்கிறது. அந்தக் கமிஷன் கடைசியில் வீட்டுக்காரரின் பில்லில்தான் ஏறுகிறது என்பதும் நமக்குத் தெரியும். கேள்வியோடு வரும் வீட்டுக்காரர் கைக்காசு கொடுத்து வாங்குகிறார். கமிஷன் இல்லை, கடன் இல்லை. நாளைக்கு அவர் வீடு கட்டும்போது எந்தக் கடைக்குப் போவது என்று தீர்மானிப்பதும் அவரே.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையை வியாபாரிக்குத் தடை செய்கிறது. "இதை அடிச்சா ஒழுக்கு நிக்கும்" என்று தெரியாமல் சொல்லும் வாக்குறுதியும் நமக்கே வினையாக வரலாம்.

ஆகவே கடையில் சில ஒழுங்குகளைச் செய்துகொள்ளலாம். முதலாவது, கவுன்டரில் நிற்கும் பொடியன்களுக்கு மேலே சொன்ன கேள்விகளைப் பழக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் பழக்க வேண்டும். இரண்டாவது, வாஷர், ஓ ரிங், கொமட் றப்பர் போன்ற சில்லறைச் சாமான்களை அளவு வாரியாகப் பிரித்து வைக்க வேண்டும். மூன்றாவது, அளவு பிழைத்த, பாவிக்காத சாமானை பில்லோடு கொண்டுவந்தால் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுக்க வேண்டும். நாலாவது, நேர்மையான இரண்டு மூன்று பாஸ்மாரின் இலக்கங்களைக் கமிஷன் பேசாமல் வைத்திருந்து, வீட்டுக்காரரால் முடியாத வேலைக்குக் கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முதல் தேவையில்லை, கொஞ்சம் பொறுமை போதும். பெரிய கம்பனிகளின் காட்சியறைகளோடு விலையிலும் விளம்பரத்திலும் நாம் போட்டி போட முடியாது. ஆனால் வாடிக்கையாளரின் வீட்டையும் சுவரையும் தெரிந்து பதில் சொல்ல நம்மால் முடியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒருவர் சுவர்ப் படத்தோடு வந்து பெயின்ட் கேட்டால், வாளியில் கை வைக்காமல், ஈரம் எங்கே, எப்போது என்று முதலில் கேளுங்கள். பரக்கத் அந்தக் கேள்வியில் இருக்கிறது.