இரக்கம் வேண்டாம், கடியாரத்தை எடுங்கள்

ஆரம்பாக்கத்தின் வழியே கல்கத்தா ரஸ்தாவில் போகிறவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருக்கக் கூடும். பின்சக்கரத்தின் இருபுறமும் இணைப்புச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டரில், கால்கள் வழங்காத ஒருவர், ஆந்திர எல்லையைத் தாண்டி வரும் பார லாரிகளுக்கு நடுவே வண்டியைச் செலுத்திக்கொண்டு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறார். அவரைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்பாருண்டு. நாம் அவ்விதம் சொல்லமாட்டோம். அந்த ரஸ்தாவில் நாமும் மோட்டார் ஓட்டியிருக்கிறோம். கைகால் சரியாயுள்ள நமக்கே அது லேசான காரியமாக இருந்ததில்லை.

சர்க்கார் அவரைப் பரீட்சித்து லைசென்ஸ் கொடுத்திருக்கிறது. அவரே நாளைக்கு, 'மோட்டார்ப் பந்தயத்தில் ஓட்டப் பிரியப்படுகிறேன்' என்று சொன்னால்? நம்மவரில் பத்துப் பேரில் ஒன்பது பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இன்று எழுதப் புகுந்தோம்.

பந்தயம் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் புதிதன்று. அதே ரஸ்தாவில் தெற்கே போனால் சோழவரம். இரண்டாவது உலக யுத்தத்திற்காகப் போட்ட விமான ஓடுதளத்தில் 1950-களிலிருந்து முப்பது வருஷங்களுக்கு மேல் பந்தயங்கள் நடந்தன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை ஏற்பட்ட பிறகுதான் சோழவரத்தில் சத்தம் ஓய்ந்தது. அந்தப் புதிய பாதை கண்ட காட்சிகளில் நாம் பெரிதாக மதிப்பது ஒன்று. பிறவியிலேயே கால்களில் குறையுள்ள சென்னை வாலிபர் சேத்தன் கொராடா, கையால் இயக்கும் கருவிகளைப் பொருத்திய ஃபார்முலா வண்டியில் மற்றவர்களோடு சரிநிகராகப் பந்தயம் ஓட்டியிருக்கிறார். வடக்கே ஸ்ரீமதி தீபா மாலிக், தண்டுவடத்தில் கட்டி கண்டு மார்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவர், இமாலயத்தின் பனி வழிகளில் நடக்கும் 'ரெய்ட் டி ஹிமாலயா' போட்டியில் கலந்துகொண்டார். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் குண்டெறிந்து வெள்ளிப் பதக்கம் பெற்றவரும் அவரே.

'இதெல்லாம் சரி, வண்டி தீப்பற்றினால் அவர் எப்படி வெளியே வருவார்?' என்று கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. இதைத் தட்டிக் கழிப்பவன் பந்தயக்காரனுக்குச் சிநேகிதன் அல்லன். ஆனால் இதற்கு விடை சொல்ல வேண்டியது கடியாரம். பார்ப்பவனுடைய கண்ணுக்கு அந்த வேலை இல்லை.

கண்ணை நம்பினவர்கள் என்ன செய்தார்கள்? ஆர்ச்சி ஸ்காட் பிரவுன் என்ற பிரிட்டிஷ்காரர், வலக்கை முழுதாக உருவாகாமல், கால்களும் குறுகிப் பிறந்தவர். 1954-இல் ஓல்டன் பார்க்கில் பிரிட்டிஷ் எம்பயர் கோப்பைப் பந்தயத்துக்கு வந்தபோது அவர் உடம்பைப் பார்த்தவர்கள் ஆட்சேபிக்கவே, அவரை ஓட்டவிடாமல் விலக்கினார்கள். அவர் எப்படி ஓட்டுகிறார் என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை போலும்! சிநேகிதர்கள் வாதாடி லைசென்ஸை மீட்டுக் கொடுத்தார்கள். மறு வருஷம், 1955-இல், அதே இடத்தில் அதே கோப்பையை அவர் ஜயித்தார்.

அவர் 1958-இல் ஸ்பா பந்தயத்தில் மாண்டதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 'பார்த்தீர்களா!' என்பவர்கள் அதே வருஷத்தின் ஜாபிதாவை முழுதும் வாசிக்கட்டும். லூயிஜி முஸ்ஸோ, பீட்டர் காலின்ஸ், ஸ்டூவர்ட் லூயிஸ்-எவன்ஸ் ஆகிய மூவரும் அந்த வருஷமே பந்தயத்துக்குப் பலியானார்கள். மூவருக்கும் இரண்டு கைகளும் இருந்தன.

கடியாரத்தை நம்பின காலத்துக் கதை வேறு. போலந்துக்காரர் ராபர்ட் குபிட்சாவின் வலக்கை 2011-இல் ஒரு ராலி விபத்தில் சிதைந்தது. ஃபார்முலா ஒன் வண்டியிலிருந்து குறித்த வினாடிகளுக்குள் வெளிவரும் பரீட்சையில் தேறி, 2019-இல் மீண்டும் அந்தப் பந்தயங்களில் ஓட்டினார். 2025-இல் லெ மான்ஸ் 24 மணிப் பந்தயத்தை ஜயித்த மூவரில் ஒருவரானார். பில்லி மாங்கர் 2017-இல் பதினேழு வயதில் இரு கால்களையும் இழந்தார். ஒற்றை ஆசன வண்டியில் அவரைப் போன்றவர் ஓட்டச் சர்வதேச விதி அப்போது இடங் கொடுக்கவில்லை. விதியை மாற்றவேண்டுமென்று போராடி, மாற்றச் செய்து, 2018 முடிவதற்குள் அல்ல, அவ்வருஷத்து முதற் பந்தயத்திலேயே மூன்றாவதாக வந்தார்.

இத்தாலியர் அலெக்ஸ் சனார்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 2001 செப்டம்பரில் ஜெர்மனியின் லவுசிட்ஸ் பாதையில் இரு கால்களும் போயின. 2003-இல் அதே பாதைக்குத் திரும்பி, அன்று ஓட்டாமல் நின்றுபோன பதின்மூன்று சுற்றுக்களை ஓட்டி முடித்தார். பிறகு உலக டூரிங் கார்ப் போட்டியில் நான்கு வெற்றிகள். ஸ்டீயரிங் சக்கரத்தின் பின்னே ஒரு வளையம். அதை விரல்களால் அழுத்தினால் வேகம் கூடும். பிரேக்கை மரக்கால் போன்ற செயற்கைக் காலால் மிதித்தார். 2019-இல் அமெரிக்காவின் டேடோனாவில் செயற்கைக் காலையும் கழற்றி வைத்துவிட்டு, பிரேக்கையும் கையாலேயே பிடித்தார். மனிதனுக்கேற்ப யந்திரத்தை மாற்றுவது ஒரு பட்டறை வேலை, அவ்வளவே.

இனி நமது சட்டத்துக்கு வருவோம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் இவர்களுடைய வண்டிக்கு 'இன்வாலிட் காரேஜ்' என்று பெயரிட்டது. இங்கிலீஷில் அந்தச் சொல்லை ஒருவிதமாக உச்சரித்தால் நோயாளி; மற்றொருவிதமாக உச்சரித்தால் செல்லாதது. வக்கீல் தொழிலில் இரண்டாவது அர்த்தத்தோடுதான் நமக்குப் பழக்கம் அதிகம். 2019-ஆம் வருஷத்துத் திருத்தம் அதை நீக்கி, 'தக்கவாறு மாற்றியமைத்த வாகனம்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டியது. குறையை மனிதன்மேல் சுமத்தாமல், மாறவேண்டியது வண்டியே என்று சட்டம் ஒப்புக்கொண்டது.

அதைவிட முக்கியமானது 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு. விளையாட்டில் கலந்துகொள்ளும் இவர்களது உரிமையை விளையாட்டு அதிகாரிகள் அங்கீகரித்து, அதற்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்யவேண்டும் என்கிறது அது. 'உரிமை' என்ற சொல்லையே சட்டம் உபயோகிக்கிறது. 'தயவு' என்று எங்கும் காணோம். மோட்டார்ப் பந்தயம் இதற்கு விலக்கு என்றும் காணோம்.

ஆகவே, பந்தயங்களை நடத்தும் சம்மேளனத்தாரிடம் நாம் கேட்பது சொற்பமே. ஒருவர் வந்து நின்றால், வண்டியில் செய்யத்தக்க மாறுதல்கள் இவை, வெளிவர வேண்டிய வினாடிகள் இத்தனை, தேறாவிட்டால் மறுபடி வரவேண்டிய தேதி இது என்று தமிழில் அச்சிட்ட ஒரு காகிதம் அவர் கையில் கிடைக்கவேண்டும். கருவி செய்ய அந்நிய நாட்டை எதிர்பார்க்கவேண்டிய அவசியம் நமக்கில்லை. இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை இருக்கும் ஊரிலேயே ஹூண்டாய் தொழிற்சாலையும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் கடைசல் யந்திரம் ஓட்டும் கைகளுக்குப் பஞ்சமில்லை.

பணக்காரர் விளையாட்டுக்கு இத்தனை பத்தியா என்று தேச ஊழியர்களான நமது நேயர்களில் சிலர் முணுமுணுப்பது நம் காதில் விழுகிறது. அழுத்து யந்திரத்தில் விரல்களைக் கொடுத்துவிட்டு வேலையும் போய் வீட்டில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளியிடம், 'உன்னால் இனி முடியாது' என்று மேஸ்திரி சொன்னபோது, பரீட்சித்துப் பார்த்துச் சொன்னாரா, கையைப் பார்த்தே சொன்னாரா என்று அவர்கள் விசாரித்து எழுதட்டும். அந்தக் கடிதங்களையும் இந்தப் பத்தியிலேயே பிரசுரிப்போம்.