வீடு தேடிச் செல்லும் புற்றுநோய்ப் பரிசோதனை

கருப்பைவாய்ப் புற்றுநோய் மெதுவாக வளரும் நோய். அதற்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் தொற்றினாலும், பெரும்பாலான பெண்களின் உடல் அதைத் தானாகவே வெளியேற்றிவிடும். நீங்காமல் தங்கிவிடும்போதுதான் செல்கள் மாறத் தொடங்கும். அம்மாற்றம் புற்றுநோயாக முற்றப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இவ்வளவு அவகாசம் இருந்தும், இந்தியாவில் பலர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

வசதியான நாடுகளில் இந்நோயைக் கட்டுப்படுத்தியது பாப் ஸ்மியர் பரிசோதனை. அதற்கு ஆய்வகமும், நுண்ணோக்கியில் செல்களைப் பார்த்துச் சொல்லும் வல்லுநரும் தேவை. முடிவு தெரியச் சில நாட்கள் ஆகும். நகரத்துக் குடிசைப் பகுதியில் கூலி வேலை செய்யும் பெண்ணுக்கு மறுபடி வருவது ஒரு நாள் சம்பள இழப்பு.

இதற்கு மாற்று வழியை மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் சோதிக்கத் தொடங்கியது. மருத்துவர் சுரேந்திர சாஸ்திரி தலைமையிலான இந்த ஆய்வில், குடிசைப் பகுதிகளில் வாழும் 35 முதல் 64 வயது வரையிலான சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதிப் பேருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனையும் விழிப்புணர்வும். மறு பாதிப் பேருக்கு ஒருமுறை விழிப்புணர்வு மட்டும். பரிசோதித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பத்தாம் வகுப்பு படித்து, நான்கு வாரப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள்.

செய்முறை எளிது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகருக்குப் புளிப்பைத் தரும் அமிலத்தை, பஞ்சில் நனைத்துக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். மாற்றமடைந்த செல்களில் புரதம் அடர்த்தியாக இருப்பதால் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். நல்ல விளக்கொளி இருந்தால் வெறும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். முடிவும் உடனே தெரிந்துவிடும்.

கடினமானது பெண்களை வரவழைப்பதுதான். "எனக்குத்தான் ஒன்றுமில்லையே" என்ற எண்ணம், கூச்சம், வீட்டாரின் தயக்கம், புற்றுநோய் என்ற சொல்லே தரும் பயம் எனத் தடைகள் பல. பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று பேசினார்கள். பரிசோதனையைக் குடியிருப்புப் பகுதிக்கே கொண்டுவந்தார்கள். சந்தேகத்துக்குரியவர்களை உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அழைக்கப்பட்டவர்களில் 89 சதவீதம் பேர் பரிசோதனைக்கு வந்தனர். மேற்பரிசோதனை தேவைப்பட்டவர்களில் ஏறத்தாழ 79 சதவீதம் பேர் அதைச் செய்துகொண்டனர்.

பன்னிரண்டு ஆண்டு முடிவில், பரிசோதிக்கப்பட்ட குழுவில் கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணங்கள் 31 சதவீதம் குறைந்திருந்தன. நோய் வந்தவர்களின் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. நோய் முற்றுவதற்குள் சிகிச்சை கிடைத்ததே உயிர்களைக் காத்தது. மறு பாதிப் பெண்களுக்குப் பரிசோதனை அளிக்காதது முறையா என்ற கேள்வியும் எழுந்தது. அன்று இந்தியாவில் முறையான பரிசோதனைத் திட்டமே இல்லை என்பது ஆய்வாளர்களின் பதில்.

இதே முறையைத் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் செவிலியர்கள் செய்தபோது, 2007இல் வெளியான முடிவுகளின்படி நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் அச்செவிலியர்களே அளித்தனர்.

2016இல் வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல், 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இப்பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது. நகரங்களில் சுமார் 200 முதல் 500 வீடுகளுக்கு ஒருவர் என நியமிக்கப்படும் ஆஷா பணியாளர்கள், நோய் ஆபத்தை மதிப்பிடும் படிவத்தை நிரப்பி, ஆபத்து உள்ளவர்களை அனுப்பிவைக்க வேண்டும்.

வினிகர் முறைக்கும் குறைகள் உண்டு. பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்து முடிவு மாறலாம். மாதவிடாய் நின்ற பெண்களிடம் மாற்றம் வெளியே தெரியாமல் போகலாம். எனவே 2021இல் உலக சுகாதார நிறுவனம் எச்.பி.வி. மரபணுப் பரிசோதனைக்கு முன்னுரிமை அளித்தது. இதற்கான மாதிரியைப் பெண்களே எடுத்துக்கொள்ளலாம் என்பதால் கூச்சம் ஒரு தடையாக இராது. ஆனால் வைரஸ் இருப்பது தெரியவந்த பெண்ணை அடுத்த பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் கொண்டுசேர்க்க, அவர் வீட்டுக் கதவைத் தட்டும் சுகாதாரப் பணியாளர் தேவைப்படவே செய்வார்.