அழுகை ஈமானின் குறைவல்ல

 

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், அறந்தாங்கி என நம் மாவட்டத்தின் எந்த மஹல்லாவிலும் வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீடுகள் உண்டு. ஊரில் அத்தா மவ்த்தாகும்போது மகன் அங்கே வேலையில் இருப்பார். டிக்கெட் கிடைத்து வருவதற்குள் நல்லடக்கம் முடிந்துவிடும். செல்போனில் ஜனாஸாவைப் பார்த்து விம்முபவரிடம், "ஆம்பளை அழலாமா? ஸப்ர் செய்யுங்க" என்கிறோம். இங்கே அவருடைய அம்மாவிடமும் அதையே சொல்கிறோம். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் மார்க்கம் அப்படியா சொல்கிறது?

நபியவர்களின் கண்ணீர்

ஹிஜ்ரி 10இல் நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் (ரலி) மதீனாவில் இறந்தார். பால்குடி மறவாத வயது. குழந்தையின் உயிர் பிரியும் நேரத்தில் நபியவர்களின் கண்களில் நீர் வழிந்தது. "தாங்களுமா?" என்று வியந்து கேட்டார் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி). அது இரக்கம் என்று நபியவர்கள் பதிலளித்தார்கள். கண் அழும், உள்ளம் வருந்தும், இறைவன் பொருந்தாத சொல் மட்டும் வாயிலிருந்து வராது என்பதே அவர்கள் சொன்னதன் கருத்து.

யூசுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் கவலையால் வெளுத்துப் போனதைத் திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் கூறுகிறது. அழகிய பொறுமையைப் பற்றிப் பேசியவரும் அவர்தான். ஆக, பொறுமையும் கண்ணீரும் ஒரே உள்ளத்தில் இருக்க முடியும்.

தடுக்கப்பட்டது எது?

ஒப்பாரி வைப்பது, கன்னத்தில் அறைந்துகொள்வது, ஆடையைக் கிழிப்பது, விதியை ஏசுவது ஆகியவைதான் தடுக்கப்பட்டவை. அழுதால் மய்யித்துக்கு வேதனை என்று வரும் செய்தியும் ஒப்பாரியைக் குறித்ததே என்று அறிஞர்கள் பலர் விளக்கியுள்ளனர்.

நாம் செய்ய வேண்டியது

ஹிஜ்ரி 8இல் மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதானபோது, அவருடைய குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபியவர்கள் சொன்னார்கள். நம்மிடம் பல இடங்களில் இது தலைகீழாகிவிட்டது. துக்க வீட்டாரே கடன் வாங்கி, வந்தவர்களுக்குச் சமைத்துப் போடுகிறார்கள். இதை மாற்றுவது அக்கம்பக்கத்தாரின் பொறுப்பு.

முதல் மூன்று நாள் வீடு நிறைய ஆள் இருக்கும். பிறகு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கணவரை இழந்த பெண்ணுக்கோ இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். இருபதாம் நாளும் அறுபதாம் நாளும் பெண்கள் போய் அவருடன் அரை மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள். அறிவுரை வேண்டாம். அவர் பேசட்டும், கேளுங்கள். கேஸ், ரேஷன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் போன்ற வெளிவேலைகளை ஆண்கள் பொறுப்பெடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அடிக்கடி போன் செய்யுங்கள். ஷாஃபிஈ மத்ஹபில் காயிப் ஜனாஸா தொழ அவருக்கு இடமுண்டு. ஹனஃபிகளுக்கு அது இல்லையென்றாலும், துஆவுக்கும் ஸதகாவுக்கும் தூரம் ஒரு தடையல்ல.

மாதக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல், வாழ்வே வேண்டாம் என்று ஒருவர் பேசினால், அதை ஈமான் குறைவு என்று ஒதுக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

துயரப்படும் உள்ளங்களுக்கு அல்லாஹ் ஆறுதல் அளிப்பானாக! அந்த ஆறுதலுக்கு நம்மையும் ஒரு காரணமாக ஆக்குவானாக! ஆமீன்.